ஐந்து நிமிடத்துக்கு ஒரு அப்பா

ஓஸ்லோ
02.02.2025

அன்புள்ள தங்கச்சி மதிவதனாவுக்கு,

அண்ணா பிரகலாதன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணி பிரியங்கினியும் சுகம். குளிர்தான் எலும்பு வரைக்கும் போகிறது. அப்பாவின் சுகம் அறிய ஆவல்.

கொழும்புக்கு வரும் நண்பர் ஒருவரிடம் சின்னப் பெட்டி ஒன்று கொடுத்துவிட்டிருக்கிறேன். அதற்குள் ஒரு கைப்பட்டி இருக்கும். அதை அப்பாவின் இடது கையில் கட்டிவிடு. வாதம் அடித்த வலது கையில் வேண்டாம்.

பட்டி அப்பாவின் நாடித்துடிப்பை எண்ணும். எண்ணியதை வீட்டு இன்டர்நெட் வழியாக இங்குள்ள ஒரு சேர்வருக்கு அனுப்பும். நான் ஓர் இணையப் பக்கம் செய்திருக்கிறேன். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேர்வரிடம் "என்ன புதினம்?" என்று கேட்கும். சேர்வர் எண்ணைக் கொடுக்கும். பக்கம் அந்த எண்ணைப் புள்ளியாக்கி, புள்ளிகளைக் கோடாக இழுக்கும். எண் வராவிட்டால் கோடு அறுந்து நிற்கும். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் காரியம், உனக்கும் விளங்கும் என்று நம்புகிறேன்.

அப்பா முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கடல் ஏறுவதையும் வற்றுவதையும் கோடாக எடுத்தவர். இனி அவரை நான் கோடாக எடுக்கப்போகிறேன் என்று சொல்லு, சிரிப்பார். சித்திரைக்கு வர ஏலாது. ஆவணிக்கு, ஓகஸ்ட் முதல் கிழமையிலேயே, கட்டாயம் வருவேன் என்றும் சொல்லு.

அப்பாவைக் கவனமாகப் பார். பட்டியையும் கவனமாகப் பார், விலை கூடியது.

அன்புடன்,
அண்ணா பிரகலாதன்

---

லிங்கநகர், திருகோணமலை
16.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

மதி எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் குளிருக்குள் கவனமாக இருங்கள்.

பெட்டி வந்தது, பட்டியைக் கட்டிவிட்டேன். அப்பாவின் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டக் குறிஞ்சாக்கேணியிலிருந்து வரும் தாதி ரிப்கா, "ஐயாவுக்குப் புது மாப்பிள்ளை மணிக்கூடு வந்திருக்கு" என்று பகிடி பண்ணினாள். அப்பா ஒரு பக்க வாயால் சிரித்தார்.

வாதம் அடித்த பிறகு அவருக்கு நாலைந்து சொற்கள்தான் மிச்சம். அதில் ஒன்று உங்கள் பெயர். பட்டியைத் தூக்கிக் காட்டி, "பிரகலா, எப்ப?" என்று கேட்டார். "ஆவணிக்கு வாறார் அப்பா" என்றேன். மாதங்களை விரல் விட்டு எண்ணினார். ஆறு மாதத்துக்கு ஆறு விரல் வேண்டும். ஒரு கைதானே எழும்புகிறது, ஆறாவதுக்கு என் விரலைப் பிடித்தார்.

அண்ணா, இருதயமும் பலவீனமாகிவிட்டது என்று டொக்டர் சொல்கிறார். "மகனைப் பாக்க வேணுமெண்டால் கிட்டடியில வரச் சொல்லுங்கோ" என்றார். எனக்கு ஆவணி தூரமாகத் தெரிகிறது. முந்தி வர வழியிருக்கிறதா என்று பாருங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் இருவரின் நலத்துக்கும் வேண்டிக்கொண்டு,
மதிவதனா

---

ஓஸ்லோ
23.03.2025

அன்புள்ள மதிக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் சுகத்தை நீ எழுதத் தேவையில்லை, நான் நாளுக்கு நாற்பது தரம் பார்க்கிறேன். வேலையில் கூட்டம் நடக்கும்போதும் ஒரு மூலையில் பக்கம் திறந்திருக்கும். கூட வேலை செய்கிறவர்களுக்குக் காட்டினேன். எழும்பி நின்று கைதட்டினார்கள்.

இரண்டு விஷயம். ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு நாங்கள் வீடியோவில் கதைக்கிறோம் அல்லவா? ஒவ்வொரு ஞாயிறும் அந்த நேரத்தில் கோடு நூற்றிருபதுக்குப் பாய்கிறது. அப்பா அழுகிறார், அழுதால் இருதயத்துக்குக் கூடாது. வரைபடம் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே இனி வீடியோ வேண்டாம், ரெலிபோனும் வேண்டாம். இப்படி ஈமெயிலில் கடிதம் போதும். உறவுக்காரரின் வாட்ஸப் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன். எல்லாருடைய இலக்கத்தையும் தடுத்தாயிற்று. இராசையா மாமாவின் புத்திமதி கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

மற்றது, செவ்வாய்க்கிழமை பதினொன்றிலிருந்து ஒன்று வரைக்கும் கோடு இல்லை. வெள்ளியும் இல்லை. அந்த நேரம் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

அப்பாவுக்கு என் அன்பு.
பிரகலாதன்

---

லிங்கநகர்
31.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். இங்கு வெயில் தொடங்கிவிட்டது.

செவ்வாயும் வெள்ளியும் அப்பாவைக் குளிக்க வார்க்கும் நாள். தூக்கி, கதிரையில் இருத்தி, வார்த்து, துடைத்து, திரும்பக் கிடத்த இரண்டு மணித்தியாலம் போகும். அதற்குத்தான் கழற்றினேன்.

போன கிழமையிலிருந்து முழுதாகவே கழற்றிவிட்டேன். பட்டிக்குக் கீழே தோல் கொப்புளித்து உடைந்துவிட்டது. கிழவர்களின் தோல் கடதாசி மாதிரி. "இதை இனிக் கட்டினா கை அழுகிப்போயிடும்" என்று ரிப்கா ஏசினாள். கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு என்பார்கள். நீங்கள் வந்து பார்த்தால் விளங்கும்.

நேற்று ஞாயிறு. ஆறு மணிக்கு அப்பா போனைத் தன் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஏழரை வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் அழுவது உங்களைக் கண்ட சந்தோஷத்தில் அண்ணா. அந்தப் பத்து நிமிடத்தை நிற்பாட்டாதீர்கள்.

அன்புடன்,
மதிவதனா

---

ஓஸ்லோ
05.04.2025

மதிக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

ஒன்பது நாளாகப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. சேர்வர் என்ன செய்யும்? நீ ஒன்றும் அனுப்பாவிட்டால் அதனால் ஒன்றும் தர ஏலாது. கொப்புளம் வந்தால் துணி சுற்றிக் கட்டு, கிரீம் பூசிக் கட்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வீட்டில் சும்மா இருக்கிறாய், உனக்கு இருக்கிற ஒரே வேலை இதுதான்.

வவுனியாவில் ஒரு முதியோர் இல்லம் விசாரித்து வைத்திருக்கிறேன். மூன்று பேர் முறை வைத்துப் பார்ப்பார்களாம். இனித் தொடர்ந்து மூன்று நாள் கோடு அறுந்தால் அப்பாவை அங்கே ஏற்றி அனுப்ப இங்கிருந்தே ஒழுங்கு செய்வேன். வீடு என் பெயரில் இருப்பதை நினைவூட்ட எனக்கு விருப்பமில்லை.

பிரகலாதன்

---

லிங்கநகர்
07.04.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் வேண்டுகிறேன். கோபம் வேண்டாம். பட்டியைக் கட்டியாயிற்று. இனிக் கோடு அறாது. அப்பாவை வீட்டை விட்டு அனுப்ப வேண்டாம்.

மதிவதனா

---

ஓஸ்லோ
18.05.2025

அன்புள்ள மதிக்கு,

நாங்கள் மிக நல்ல சுகம். இங்கு வெயில் எறிக்கிறது, அண்ணி பூக்கன்று நடுகிறாள்.

பார்த்தாயா? ஏசினால்தான் வேலை நடக்கிறது. ஆறு கிழமையாக ஒரு வெட்டில்லாத கோடு. ஓய்வில் அறுபத்துநாலு. இங்கே இருதய டொக்டர் ஒருவர் எனக்குப் பழக்கம். வயதைச் சொல்லாமல் வரைபடத்தை மட்டும் காட்டினேன். "முப்பது, முப்பத்தைந்து வயது ஆளா?" என்று கேட்டார். எழுபத்தெட்டு என்றதும் வாயைப் பிளந்தார். இந்த இருதயம் இன்னும் இருபது வருடம் ஓடும் என்றார். காலையிலும் பின்னேரத்திலும் துடிப்பு ஏறி இறங்குகிறது. பயிற்சி கொடுக்கிறாய் போல, நல்லது.

ஆகவே ஆவணிக்கு நான் அவசரப்பட்டு வரத் தேவையில்லை. அடுத்த வருடம் ஆறுதலாக வருவோம். நீயே அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லு. நான் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன், அதிர்ச்சி அடைகிறாரா என்று பார்க்க.

அன்புடன்,
அண்ணா

---

லிங்கநகர்
03.06.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமே இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதி அழித்தேன். எதிர்க்கதை கதைக்காமல் வளர்ந்துவிட்டேன், அதுதான்.

அந்தக் கோடு அப்பா இல்லை. நான்.

சித்திரை பிறக்க முன் நீங்கள் ஏசி எழுதிய கடிதம் கண்ட அன்றே பட்டியை என் கையில் கட்டிக்கொண்டேன். அப்பாவின் கைத்தோல் உடைந்து நீர் வடிந்தது. அந்தக் கையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. கட்டாவிட்டால் அவரை வவுனியாவுக்கு அனுப்புவேன் என்றீர்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீங்கள் பயிற்சி என்றது நான் தண்ணீர் வாளி தூக்குவதும் அப்பாவைப் புரட்டிக் கிடத்துவதும். முப்பத்தைந்து வயது என்று உங்கள் டொக்டர் சரியாகத்தான் சொன்னார். எனக்கு முப்பத்தாறு.

அப்பாவுக்கு இரண்டு காலும் வீங்கிவிட்டது. இரவில் நிமிர்ந்து இருந்தால்தான் மூச்சு வருகிறது. ஆவணியைத் தாண்டுவது கடினம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் வரமாட்டீர்கள் என்று நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இப்போதும் விரல் மடிக்கிறார். இப்போது இரண்டு விரல் போதும்.

நான் செய்தது பிழை. அடியுங்கள், ஏசுங்கள், ஆனால் வந்து ஏசுங்கள். என் கையில் பட்டி கிடக்கும் படத்தை இத்துடன் அனுப்புகிறேன்.

உங்கள் தங்கச்சி,
மதிவதனா

---

ஓஸ்லோ
11.06.2025

மதிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை அண்ணிக்கும் வாசித்துக் காட்டினேன். சிரித்தாள்.

ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய்யலாம். ஒரு பொய் சொல்லி அண்ணனை விமானத்தில் ஏற்ற ஏலாது. நான் தரவோடு வேலை செய்கிறவன். நீ எழுதியதை அப்படியே விட்டுவிடாமல் சேர்வரில் இருந்த அத்தனை எண்ணையும் இறக்கிப் பார்த்தேன். அந்த ஆள் ஒவ்வொரு நாளும் நாலரை மணிக்கு எழும்புகிறார். நீ ஏழரைக்கு முன் எழும்பியதாகச் சரித்திரம் இல்லை. அம்மா தண்ணீர் தெளித்து எழுப்பியது எனக்கு நினைவிருக்கிறது. நாலரைக்கு எழும்புவது யார்? முப்பத்தொரு வருடம் துறைமுகத்துக்கு நாலரைக்கு எழும்பிப் போன நம் அப்பா தங்கத்துரை.

படம் அனுப்பியிருக்கிறாய். படம் எடுக்க ஒரு நிமிடம் கையில் மாட்டுவது பெரிய வேலையா? எனக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு அப்பா வருகிறார். அதற்கு முன்னால் உன் ஒரு படம் எம்மாத்திரம்?

தனியே இருந்து உனக்கு மனம் சலித்துவிட்டது, அது எனக்கு விளங்குகிறது. அதற்காக உயிரோடு இருக்கும் மனிதரைச் சாகப்போகிறார் என்று எழுதாதே. பட்டியைக் கழற்றவும் வேண்டாம். மூன்று நாள் விதி அப்படியே இருக்கிறது.

பிரகலாதன்

---

ஓஸ்லோ
14.08.2025

அன்புள்ள மதிக்கு,

நாங்கள் சுகம். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கோடு ஒழுங்காக வருவதால் நானும் கவலைப்படவில்லை.

நல்ல செய்தி. கொழும்பில் ஒரு கம்பனி என் பக்கத்தை வாங்க விரும்புகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள இதைவிட என்ன வேண்டும் என்கிறார்கள். செப்டெம்பர் ஐந்தாம் திகதி வருகிறேன். ஆறாம் திகதி ஒரு பகல் திருகோணமலையில் நிற்பேன். அப்பாவுக்குச் சவரம் செய்து வெள்ளைச் சேர்ட் போட்டு வை. பட்டி தெரியும்படி கையை மடியில் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும்.

இன்று பின்னேரம் உங்கள் நேரம் சரியாக ஏழு மணிக்கு இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசி. முந்தி வாசிக்காதே. நான் இங்கே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன். அவர் சந்தோஷப்படுவதை என் கண்ணால் பார்க்க ஆசை.

அன்புடன்,
உன் அண்ணா

---

ஓஸ்லோ
16.08.2025

அன்புள்ள மதிக்கு,

நானும் அண்ணியும் நல்ல சுகம். மனமும் நிறைந்திருக்கிறது.

பார்த்தேன். ஏழு மணிக்கு எழுபது. ஏழு ஐந்துக்குத் தொண்ணூற்றாறு. ஏழு பத்துக்கு நூற்று நாற்பத்திரண்டு. இந்த ஆறு மாதத்தில் அப்பா ஒருநாளும் அவ்வளவு ஏறியதில்லை. அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் வருகிறேன் என்ற ஒரு சொல்லுக்கு அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று பார். எனக்கே அழுகை வந்துவிட்டது. அந்த ஒரு மணித்தியாலத்தை மட்டும் வெட்டி, பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கொழும்பில் காட்டவும் உதவும்.

இன்று உங்கள் நேரம் மூன்று மணிபோலவும் கோடு ஏறி ஒரு மணித்தியாலம் நின்றது. உற்சாகத்தில் கடற்கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னாரா? வெயிலில் வேண்டாம்.

அப்பாவை முத்தமிட்டதாகச் சொல்லு.
பிரகலாதன்

---

லிங்கநகர்
22.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று அறிந்தேன். இங்கு நான் சுகம்.

அப்பா பதினாலாம் திகதி வியாழக்கிழமை பின்னேரம் ஏழு பத்துக்குச் செத்துப்போனார். நேற்று எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்தது.

உங்கள் சொல்லை மீறாமல் ஏழு மணி வரைக்கும் காத்திருந்தேன். கடிதம் மத்தியானமே வந்துவிட்டது. மத்தியானம் அவர் நல்லாக இருந்தார், இரண்டு கரண்டி கஞ்சியும் குடித்தார். அப்போது வாசித்திருந்தால் கேட்டிருப்பார். ஆறே முக்காலுக்கு முகம் துடைத்துக் கதிரையில் இருத்தினேன். போனை எடுத்துக்கொண்டு வந்தபோது மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. நிலத்தில் கிடத்தி, ரிப்கா காட்டித் தந்தபடி நெஞ்சை அமத்தினேன். நூற்று நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு அமத்தியும் அவருக்கு மூச்சு வரவில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் அவர் காதில் விழவில்லை. கடைசியாக அவர் ஒன்று கேட்டார். அதை உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

அன்புவழிபுரத்திலிருந்து இராசையா மாமா வந்தார். "பிரகலாதனுக்கு அறிவிச்சாச்சோ?" என்று கேட்டார். "ஓம் மாமா, அவர் அங்கயிருந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்" என்றேன். "அப்ப வரேல்லையாமோ? கொள்ளி ஆர் வைக்கிறது?" என்றார். நான் வைக்கிறேன் என்றேன். பொம்பிளை சுடலைக்கு வருவதோ என்று நாலு பேர் முறுமுறுத்தார்கள். மாமாதான், "பாத்தவள் அவள், அவளே வைக்கட்டும்" என்றார். சனிக்கிழமை மூன்று மணிக்குச் சுடலைக்கு நடந்தேன். நீங்கள் கடற்கரை என்று நினைத்தது அதைத்தான்.

எட்டு நாளும் உங்களுக்குச் சொல்லாமல் இருந்தது கொடுமை. தெரிந்துதான் செய்தேன். சொன்னால் விமானம் ஏறி வந்து கொள்ளி வைத்திருப்பீர்கள், ஊரும் உங்களை நல்ல மகன் என்றிருக்கும். ஆனியில் உண்மை எழுதினேன், வாசித்துச் சிரித்தீர்கள். இந்த எட்டு நாளில் ஒருதரம் போன் எடுத்து அப்பாவோடு கதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் எல்லாம் சொல்லியிருப்பேன். அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். பட்டியை என் கையில் கட்டியது என் பாவம். அது இல்லாவிட்டால் ஆவணிக்கு வந்திருப்பீர்கள், அவரும் உங்களைக் கண்டிருப்பார். அதை நினைக்காமல் ஒருநாளும் நான் நித்திரைக்குப் போகவில்லை. ஆனால் நம்பியது நீங்கள்.

வெள்ளைச் சேர்ட் போட்டுத்தான் அனுப்பினேன். சவரமும் செய்தேன்.

மதிவதனா

---

ஓஸ்லோ
22.08.2025

மதி,

உன் கடிதத்தை ரயிலில் வாசித்தேன். இறங்கி ஸ்ரேசனில் ஒரு வாங்குப் பலகையில் இருந்து எழுதுகிறேன். உனக்குப் பத்துத் தரம் போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கோடு ஓடுகிறது மதி. இப்போது எழுபத்தாறு. ஐந்து நிமிடத்துக்கு முன் எழுபத்துநாலு. சேர்வர் தந்துகொண்டுதான் இருக்கிறது. அப்பா இருக்கிறார். நீ என்னோடு கோபத்தில் எழுதியிருக்கிறாய். நான் செய்தது முழுவதும் பிழை, நான் நாளைக்கே வெளிக்கிடுகிறேன், கொழும்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். இது அப்பாதான் என்று ஒரு வரி எழுது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீ சுகமா மதி? நான் ஒருநாளும் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

அண்ணா

---

லிங்கநகர்
22.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பட்டியை இப்போதுதான் கழற்றி மேசையில் வைத்தேன். ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

மதிவதனா